சென்னையில் கண்ட சிறுகோள் ‘ஆசியா’

செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையே இலட்சக்கணக்கான சிறுகோள்கள் கதிரவனைச் சுற்றி வருகின்றன. அவற்றுள் ஒன்றின் பெயர் ‘ஆசியா’. ஒரு கண்டத்தின் பெயரை வானத்திலுள்ள பாறைக்கு ஏன் வைத்தார்கள்? ஆசியக் கண்டத்திலிருந்து முதன்முதலாகக் கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோள் அது. கண்டுபிடித்த இடம் நம் சென்னை.

நுங்கம்பாக்கத்தில் அப்போது இருந்த வானாய்வு நிலையத்தில், 1861 ஏப்ரல் 17 அன்று நார்மன் ராபர்ட் போக்சன் என்னும் ஆங்கில வானியலார் இதைக் கண்டார். சிறுகோள்களின் வரிசையில் இதன் எண் 67.

தொலைநோக்கியில் சிறுகோளும் விண்மீனைப் போல் ஓர் ஒளிப்புள்ளியாகவே தெரியும். ஆனால் விண்மீன்களுக்கிடையே இரவுக்கு இரவு அது இடம் மாறும். வான்படத்துடன் ஒப்பிட்டு, இவ்வாறு நகரும் புள்ளியைக் கண்டுகொள்ள வேண்டும். அந்தப் புள்ளியிலிருந்து நாம் என்னென்ன அறிய முடியும்?

பாதை

வெவ்வேறு இரவுகளில் அளந்த மூன்று இடங்கள் இருந்தால் பாதையைக் கணக்கிடலாம் என்று 1801-இல் காஸ் என்னும் கணித மேதை காட்டினார். ஆசியாவின் பாதை ஒரு நீள்வட்டம். பூமிக்கும் கதிரவனுக்கும் இடையேயுள்ள 15 கோடி கி.மீ. தொலைவை 1 அலகு என்று கொண்டால், ஆசியாவின் சராசரித் தொலைவு 2.42 அலகு. மிக அருகில் வரும்போது 1.97, மிக விலகும்போது 2.87.

கெப்ளர் விதிப்படி மாணவர்களே இதன் ஆண்டைக் கணக்கிடலாம். 2.42-ஐ மும்முறை பெருக்கினால் 14.17. அதன் வர்க்கமூலம் ஏறக்குறைய 3.76. அதாவது, நம் கணக்கில் 3 ஆண்டு 9 மாதம் ஆசியாவுக்கு ஓர் ஆண்டு!

பருமன்

ஆசியாவின் குறுக்களவு சுமார் 60 கி.மீ. திருநெல்வேலிப் பேட்டையிலிருந்து தென்காசி ஏறத்தாழ 50 கி.மீ.; அதைவிடச் சற்று அதிகம். ஆயினும் பூமிக்கு மிக நெருங்கும்போதும் அது 14, 15 கோடி கி.மீ. அப்பால் இருக்கிறது. தென்காசியில் வைத்த ஒரு ரூபாய் நாணயத்தைப் பேட்டையிலிருந்து பார்ப்பது போன்றது இது.

பிறகு எப்படி அளந்தார்கள்? வெளிச்சம் மட்டும் போதாது. சிறிய வெண்பாறையும் பெரிய கரும்பாறையும் ஒரே அளவு ஒளிரக்கூடும். ஆனால் சித்திரை வெயிலில் வெள்ளைக் குடையைவிடக் கறுப்புக் குடை அதிகம் சூடேறுகிறது அல்லவா? அதுபோல, பாறை திருப்பியனுப்பும் ஒளியையும் அது வெளிவிடும் வெப்பக் கதிரையும் சேர்த்து அளந்தால், பருமனும் நிறத்தின் வெண்மையும் தெரிந்துவிடும். 1983-இல் ஏவப்பட்ட ஐராஸ் செயற்கைக்கோள் ஏராளமான சிறுகோள்களை இவ்வாறு அளந்தது. ஆசியா தன்மேல் விழும் ஒளியில் சுமார் கால் பங்கைத் திருப்பியனுப்புகிறது.

பகலும் பொருளும்

ஆசியா சீரான உருண்டை அன்று. எனவே, சுழலும்போது அதன் ஒளி கூடிக் குறைகிறது. இந்த ஏற்ற இறக்கத்திலிருந்து, தன்னைத்தானே ஒருமுறை சுற்ற அது சுமார் 16 மணி நேரம் எடுத்துக்கொள்கிறது என அறிகிறோம். அதன் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பார்த்தால், அது சிலிக்கேட் கனிமங்கள் நிறைந்த கற்பாறை வகையைச் சேர்ந்தது எனத் தெரிகிறது. அங்கே ஈர்ப்பு மிகக் குறைவு. சாதாரணப் பாறையின் அடர்த்தி உள்ளது என்று கொண்டால், இங்கே 60 கிலோ எடையுள்ளவர் அங்கே 150 கிராம்கூட இருக்கமாட்டார்!

சாப்போ, சில்வியா, கமில்லா, வேரா ஆகிய சிறுகோள்களையும் போக்சன் சென்னையிலிருந்தே கண்டார். 1885-இல் கண்ட வேராவுக்கு நூறாண்டுகளுக்குப் பின், 1988-இல் காவலூரில் கண்டுபிடிக்கப்பட்ட சிறுகோள் கணித மேதை ராமானுஜனின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஒளிப்புள்ளியைப் பாறையென்று அறிய வைத்த கணிதத்துக்கு அது தக்க சிறப்பே.