சுகிரு: அளவைத் தாண்டும் ஜப்பானிய வினை

நம்ம 'ரொம்ப' ரெண்டு வேலை பார்க்கும். 'கேக் ரொம்ப இனிப்பா இருக்கு' என்றால் பாராட்டா, குறையா என்பது தொனியில்தான் தெரியும். ஜப்பானியத்தில் இரண்டும் தனித்தனி. 'தொத்தெமோ அமயி' என்றால் மிகவும் இனிப்பு, அவ்வளவுதான். 'அமசுகிரு' என்றால் இனிப்பு அளவை மீறிவிட்டது. செய்து கொடுத்தவரிடம் மாற்றிச் சொன்னால் அவர் முகம் வாடிவிடும். (ஒலிகளை ஏறக்குறையத்தான் எழுதுகிறேன்.)

சுகிரு தனியாக நிற்கக்கூடிய வினைச்சொல். பொருள்: கடந்து போவது. 'ஹச்சிஜி சுகி' என்றால் எட்டு மணி தாண்டி. அதே வினை வேறொரு சொல்லின் வாலில் ஒட்டினால் 'அளவைக் கடந்து' என்றாகிறது. நாம 'அளவுக்கு மீறி' என்று முன்னால் வைப்பதை அவங்க பின்னால் ஒட்டுறாங்க.

ஒட்டும் விதம்:

1. வினை: மாஸ் வடிவத்தில் மாஸை எடுத்துவிடணும். நொமிமாஸ் (குடிப்பேன்) → நொமிசுகிரு.
2. இ-உரிச்சொல்: கடைசி 'இ' போய்விடும். நகயி (நீளம்) → நகசுகிரு.
3. ந-உரிச்சொல்: அப்படியே ஒட்டும். கிரெய் (அழகு) → கிரெய்சுகிரு. 'இ'யில் முடிகிறதே என்று வெட்டிவிடக் கூடாது.
4. விதிவிலக்கு: ஈ (நல்ல) → யொசுகிரு.

ஒட்டிய பிறகு மொத்தமும் வினைதான். இறந்தகாலம் 'சுகித்தா', எதிர்மறை 'சுகினாய்'. இங்கேதான் கவனம் வேணும். 'தபெசுகினாய்' என்றால் அளவுக்கு மீறிச் சாப்பிடுவதில்லை. 'தபெனசுகிரு' என்றால் தேவையான அளவுகூடச் சாப்பிடுவதில்லை. முதலாவதில் மறுக்கப்படுவது மீறல். இரண்டாவதில் மீறிப் போவது மறுப்பே. டாக்டர் கேட்கும்போது மாற்றிச் சொன்னால் வைத்தியமே திசை மாறிடும்.

இன்னொரு நுணுக்கம். 'ஹயக்கு ஒக்கிசுகித்தா' என்பதில் சுகிரு ஒட்டியிருப்பது 'எழுந்திரு' என்ற வினையில். ஆனால் மீறியது எழுந்தது அல்ல, 'சீக்கிரம்' என்பதுதான்: தேவைக்கு முன்பே எழுந்துவிட்டேன். ஒட்டிய இடத்தை மட்டும் பார்த்தால் பொருள் கிடைக்காது, வாக்கியம் முழுவதையும் பார்க்கணும்.

இளைஞர்கள் 'கவாயிசுகிரு' என்றால் மட்டும் குறை என்று நினைச்சிடாதீங்க. 'தாங்க முடியாத அழகு' என்று நாம சொல்வோமே, அது!