கேட்கத் தயங்கும் ஐந்து நிமிடங்கள்

தொழில் புரியும் இடத்தில் நாம் செலவிடும் எட்டு மணித்தியாலங்களில் உடலின் தேவைகள் ஓய்ந்து விடுவதில்லை. தாகம், இயற்கை உபாதை, மருந்து உட்கொள்ளும் வேளை, தொழுகை நேரம் என்பன கடமை முடியும்வரை காத்திருப்பவையுமல்ல. ஆயினும், சற்று வெளியே சென்று வர அனுமதி கோருவதற்கு எம்மவரில் பலர், குறிப்பாகப் பெண்கள், இன்றும் கூச்சப்படுகின்றனர்.

இக்கூச்சத்தின் விலை சிறிதன்று. மலசலகூடம் செல்வதைத் தவிர்ப்பதற்காகவே தண்ணீர் அருந்தாதிருக்கும் பெண்களை ஆடைத் தொழிற்சாலைகளிலும் கடைகளிலும் காண்கிறோம். போதிய நீர் அருந்தாமையும் சிறுநீரை நெடுநேரம் அடக்குவதும் சிறுநீர்த் தொற்றுக்கு வழிகோலும். கர்ப்பிணிகளுக்கும் நீரிழிவு நோயாளர்களுக்கும் இது மேலும் ஆபத்தானது. மலையகத்தில் கொழுந்து பறிக்கும் பெண்களில் அநேகருக்கு, அனுமதி கிடைத்தாலும் செல்வதற்கு அருகில் மலசலகூடமே இல்லை என்பது வேதனைக்குரியது.

சட்டம் இவ்விடயத்தில் மௌனமாக இல்லை. தொழிற்சாலைகளில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் போதிய மலசலகூடங்கள் தனித்தனியே இருத்தல் வேண்டுமென 1942ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் கூறுகின்றது. 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ், ஒரு வயதுக்குக் குறைந்த குழந்தையை உடைய தாய்க்கு வேலை நேரத்தில் இரண்டு பாலூட்டல் இடைவேளைகள் உண்டு. குழந்தைப் பராமரிப்பு வசதி உள்ள இடத்தில் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலத்துக்குக் குறையாமலும், அவ்வசதி இல்லாத இடத்தில் ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமலும் அமைதல் வேண்டும்.

எனினும், உரிமையைக் கோருவதிலும் பண்பு உண்டு. சொல்லாமல் எழுந்து செல்வது பொறுப்பன்று. காரணத்தை விபரிப்பதும் அவசியமன்று. "ஐந்து நிமிடத்தில் வந்து விடுகிறேன், அதுவரை இதைச் சற்றுப் பார்த்துக்கொள்ளுங்கள்" என்று அருகிலுள்ளவரிடம் கூறினால் போதுமானது. வாடிக்கையாளர் முன் நிற்பின், "சற்றுப் பொறுத்தருளுங்கள்" என்பதே தகும். கூட்டமொன்றின் நடுவே எழ நேரின், தலைமை வகிப்பவரை நோக்கி மெல்லத் தலையசைத்து வெளியேறுவதில் தவறில்லை.

லுஹர், அஸர் தொழுகைகளும் வெள்ளிக்கிழமை ஜும்ஆவும் பெரும்பாலும் வேலை நேரத்திலேயே வருகின்றன. இவற்றை வேலையில் சேரும்போதே முகாமையாளரிடம் தெரிவித்து, மதிய இடைவேளையுடன் இணைத்துக்கொள்வது இரு சாராருக்கும் நன்று. அந்நேரத்தில் தமிழ்ச் சகோதரர் ஒருவர் கடமையைப் பார்த்துக்கொள்வதும், தைப்பொங்கலன்று முஸ்லிம் சகோதரர் அவரது இடத்தை நிரப்புவதும் எமது அலுவலகங்களுக்குப் புதியனவல்ல.

மேலதிகாரிகளுக்கும் ஒரு வார்த்தை. எழுந்து செல்வோரின் நிமிடங்களைக் கணக்கிடுவதும், பலர் முன்னிலையில் காரணம் கேட்பதும் உற்பத்தியைப் பெருக்கமாட்டா. அவை நோயையும் மனக்கசப்பையுமே பெருக்கும். கேட்பவர் தலைகுனியாமல் கேட்கவும், கொடுப்பவர் முகம் சுளிக்காமல் கொடுக்கவும் பழகுதல் வேண்டும். ஐந்து நிமிடங்களால் எந்த நிறுவனமும் நட்டமடைந்து விடாது.