நடந்தால் மட்டும் எடை குறையுமா?



மருத்துவ உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களைப் பிரித்துப் படிக்கும்போது, பெரும்பாலானவற்றில் ஒரே வரிசையைக் காண்கிறோம். முதலில் உடல் பருமன். பிறகு சர்க்கரை, இரத்த அழுத்தம். அதன் பிறகு சிறுநீரகக் கோளாறு, அல்லது காலில் ஆறாத புண். டயாலிசிஸுக்கு நம்மால் சில மாதங்கள் உதவ முடியும். நோயாளிக்கோ அது ஆயுள் முழுவதும் தேவைப்படுகிறது. வெளிநாட்டில் வெயிலில் நின்று உழைக்கும் மகன் வீடு கட்டவும் தங்கையின் நிக்காஹுக்கும் என்று அனுப்பும் பணம், மருந்துக் கடைக்கே போய்விடுகிறது.

இது நம் மஹல்லாவுக்கு மட்டும் உரிய நிலை அல்ல. 2019-21 ஆண்டுகளில் எடுக்கப்பட்ட தேசியக் குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100 பேரில் 40 பேருக்கும், ஆண்களில் 37 பேருக்கும் எடை அளவுக்கு மேல் உள்ளது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையிலுள்ள நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து 2023இல் வெளியிட்ட ஆய்வு, நாட்டில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் கணக்கிட்டது.

எடையைக் குறைக்க வேண்டும் என்று மருத்துவர் சொன்னதும் நம்மவர்கள் முதலில் செய்வது, ஃபஜ்ருக்குப் பின் நடக்கத் தொடங்குவதுதான். நல்ல காரியம். ஆனால் இரண்டு மூன்று மாதம் கழிந்ததும், "இவ்வளவு நடந்தும் ஒரு கிலோகூடக் குறையவில்லையே" என்று சலித்து நிறுத்திவிடுகிறார்கள். எடை ஏன் குறையவில்லை, குறையாவிட்டாலும் நடப்பதை ஏன் நிறுத்தக் கூடாது என்ற இரண்டையும் விளக்கவே இதை எழுதுகிறோம்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எழுபது கிலோ எடையுள்ள ஒருவர் அரை மணி நேரம் வேகமாக நடந்தால் சுமார் 140 கலோரி செலவாகும். அந்த நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாலும் 35 கலோரி செலவாகியிருக்கும். ஆகவே நடையால் கூடுதலாகக் கரைந்தது 100 கலோரிக்குச் சற்று மேல். உடலிலுள்ள ஒரு கிலோ கொழுப்பில் ஏறக்குறைய 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. ஒரு நாள்கூட விடாமல் ஒரு மாதம் நடந்தாலும் அரைக் கிலோ குறைவது கடினம்.

இனி அடுத்த பக்கத்தைப் பாருங்கள். கடையில் வாங்கும் ஒரு பரோட்டாவில் 250 முதல் 300 கலோரி வரை இருக்கும். சால்னா தனி. அரை மணி நேர நடைக்கு அரைப் பரோட்டா சரியாகப் போயிற்று. நடந்து முடித்துவிட்டு நண்பர்களோடு டீக்கடையில் உட்கார்ந்து, சர்க்கரை போட்ட ஒரு டீயும் ஒரு சம்சாவும் சாப்பிட்டால், கரைத்ததைவிட அதிகமாகவே உள்ளே போய்விடுகிறது. "நடந்துவிட்டோமே" என்ற நிம்மதியில் கை தாராளமாகிவிடுவதுதான் இதில் உள்ள சிக்கல்.

உடலும் தன் பங்குக்கு ஈடுகட்டிக்கொள்கிறது. உழைத்தபின் பசி கூடுகிறது; காலையில் நடந்த களைப்பில் மற்ற நேரத்தில் அதிகம் உட்கார்ந்துவிடுகிறோம். ஆப்பிரிக்காவில் தான்சானியா நாட்டில் ஹட்சா என்னும் வேட்டையாடும் மக்கள் வாழ்கிறார்கள். நாள்தோறும் பல கிலோமீட்டர் நடப்பவர்கள். ஹெர்மன் பான்ட்ஸர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் அவர்களுடைய உடல் ஒரு நாளில் செலவிடும் மொத்தக் கலோரியை அளந்து 2012இல் வெளியிட்டார்கள். உடல் அளவைக் கணக்கில் எடுத்துப் பார்த்தபோது, அது நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்யும் மேலை நாட்டவர் செலவிடும் அளவுக்கு ஏறக்குறைய ஒத்திருந்தது. ஆகவே உழைப்பைக் கூட்டினால் செலவு அதே கணக்கில் கூடிக்கொண்டே போகும் என்று நாம் எதிர்பார்க்க முடியாது.

எடை குறைய, தட்டில் குறைய வேண்டும்

நாளொன்றுக்கு 500 கலோரி குறைத்தால், தொடக்கத்தில் வாரத்துக்கு அரைக் கிலோ அளவில் எடை இறங்கும். போகப் போக வேகம் குறையும், அது இயல்பு. 500 கலோரியை நடந்து கரைக்க இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் இரவில் இரண்டு பரோட்டாவைத் தவிர்த்துவிட்டு, பட்டினி கிடக்காமல், காய்கறியும் பருப்பும் கொஞ்சம் சோறும் சாப்பிட்டாலே அந்தக் கணக்கில் பெரும்பகுதி வந்துவிடும்.

நம் சமையலில் கலோரி அதிகம் ஒளிந்திருக்கும் இடம் எண்ணெயும் நெய்யும். ஒரு லிட்டர் எண்ணெயில் 8,000 கலோரிக்கு மேல் இருக்கிறது. மாதம் ஐந்து லிட்டர் வாங்கும் வீட்டில் நான்கு லிட்டர் வாங்கினால், அந்தக் குடும்பம் முழுவதுக்குமாக ஒரு கிலோ கொழுப்புக்கு ஈடானது குறைந்துவிடுகிறது. யாரும் தனியாகப் பத்தியம் இருக்க வேண்டியதில்லை. தாளிப்பில் கை சுருங்கினால் போதும்.

அடுத்து, சஹன் சாப்பாடு. நான்கு பேர் ஒரே சஹனில் உட்காரும் சகோதரத்துவம் நம்முடைய அழகான வழக்கம். அதை விட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் தனித்தட்டில் தெரியும் அளவு சஹனில் தெரிவதில்லை. கூட உட்கார்ந்தவர் எழும்வரை கை போய்க்கொண்டே இருக்கிறது. வலீமா விருந்தில் காய்கறியையும் தால்ச்சாவையும் முதலில் எடுத்துக்கொண்டு, பிரியாணியை மெதுவாகச் சாப்பிட்டு, பசி அடங்கியதும் கையை நிறுத்திக்கொள்ளப் பழகலாம். விருந்து கொடுப்பவர்களும் "இன்னும் கொஞ்சம் வைங்க" என்று வற்புறுத்தாமல் இருப்பது பெரிய உபகாரம். மாப்பிள்ளை விருந்துகளில் இந்த அன்பு அளவு கடந்துவிடுகிறது.

நம் உம்மாமார்களுக்கு ஒரு வார்த்தை தனியாகச் சொல்ல வேண்டும். எல்லோரும் சாப்பிட்டபின் கடைசியாக உட்கார்ந்து, பிள்ளைகள் வைத்துவிட்டுப் போனதையும் சட்டியில் மிஞ்சியதையும் சேர்த்துச் சாப்பிட்டுவிடுகிறார்கள். வீண்விரயம் பாவம் என்ற நல்ல எண்ணம்தான் காரணம். ஆனால் தேவைக்கு மேல் உண்டால் அதுவும் வீண்விரயம்தான்; கூடவே உடம்புக்கும் கேடு. மிச்சத்தை வயிற்றில் போடுவதைவிட, அரிசி அளக்கும்போதே அரை ஆழாக்குக் குறைப்பது மேல். மிஞ்சினால் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கலாம், குளிர்பெட்டியில் வைக்கலாம்.

நோன்பு மாதத்தில் எடை தானாகக் குறையும் என்று பலர் நம்புகிறார்கள். ரமளானில் சிலருக்குச் சிறிதளவு குறைவதும், பெருநாளுக்குப் பின் சில வாரங்களில் அது திரும்பிவிடுவதும் ஆய்வுகளில் கண்டது. நோன்புக் கஞ்சியும் பேரீச்சம்பழமும் தண்ணீரும் நோன்பு திறக்கப் போதுமானவை. அவற்றின் பக்கத்தில் அடுக்கும் வடை, சம்சா, பஜ்ஜி, சர்பத் ஆகியவைதான் பகல் முழுவதும் குறைந்ததை மஃரிபிலேயே ஈடுகட்டிவிடுகின்றன.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கை உணவுக்கும், ஒரு பங்கைத் தண்ணீருக்கும், ஒரு பங்கை மூச்சுக்கும் விடும்படி நபி (ஸல்) அவர்கள் காட்டித் தந்த வழி, நம் மதரஸாப் பிள்ளைகளுக்கும் தெரிந்ததே. மூன்றில் ஒன்று என்பதும் உணவுக்கு மேல் எல்லையாகச் சொல்லப்பட்டது. முதுகை நிமிர்த்தி வைக்கச் சில கவளமே போதும் என்பதே அந்த அறிவிப்பின் தொடக்கம்.

அப்படியானால் நடப்பது எதற்கு?

இங்கேதான் பலர் தவறான முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். எடைக் கருவியின் முள் அசையவில்லை என்பதால் நடையால் பயனில்லை என்று ஆகிவிடாது.

சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையில் நடந்த இந்திய நீரிழிவுத் தடுப்பு ஆய்வின் முடிவு 2006இல் வெளிவந்தது. சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை எடுத்துக்கொண்டு, ஒரு பிரிவினருக்கு நடைப்பயிற்சியும் உணவுக் கட்டுப்பாடும் சொல்லிக்கொடுத்து மூன்று ஆண்டுகள் கவனித்தார்கள். ஆலோசனை எதுவும் பெறாதவர்களோடு ஒப்பிட்டால், இவர்களுக்குச் சர்க்கரை நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு 26.4 சதவீதம். கவனிக்க வேண்டியது என்னவென்றால், நடந்தவர்களின் எடை சொல்லும்படியாகக் குறையவே இல்லை. எடை குறையாமலே நோய் தள்ளிப் போயிருக்கிறது.

காரணம் இதுதான். வேலை செய்யும் தசை இரத்தத்திலுள்ள சர்க்கரையை இழுத்துப் பயன்படுத்துகிறது. இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. இரத்த அழுத்தம் இறங்குகிறது, இதயம் பலப்படுகிறது, தூக்கம் சீராகிறது.

உணவை மட்டும் குறைத்து எடை இறக்குவோருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கொழுப்போடு தசையும் கரைந்துபோகும். வயதானவர்களுக்குத் தசை போனால் ஸஜ்தாவிலிருந்து எழுவதே சிரமமாகிவிடும். உடற்பயிற்சியும், முட்டை, மீன், பருப்பு, சுண்டல் போன்ற புரத உணவும்தான் தசையைக் காக்கும்.

இறங்கிய எடை மறுபடி ஏறாமல் இருக்கவும் நடை தேவை. அமெரிக்காவில் 1994 முதல், 13 கிலோவுக்கு மேல் குறைத்து அதை ஓராண்டுக்காவது தக்க வைத்தவர்களைப் பதிவு செய்து கவனித்து வருகிறார்கள். அவர்களில் 10 பேரில் 9 பேர் உடற்பயிற்சியை விடாமல் செய்பவர்கள். சராசரியாக நாளுக்கு ஒரு மணி நேரம்.

ஆகவே எடை இறங்குவதில் உணவுக்கே பெரிய பங்கு. இறங்கியது நிலைக்கவும் உடல் நலமாக இருக்கவும் உடற்பயிற்சி வேண்டும்.

நம்மால் முடிந்தது

எவ்வளவு குறைத்தால் போதும்? உடல் எடையில் 7 சதவீதம் குறைக்கும் இலக்கோடும் வாரம் 150 நிமிடம் உடற்பயிற்சியோடும் அமெரிக்காவில் நடந்த ஆய்வில், சர்க்கரை வரும் வாய்ப்பு 58 சதவீதம் குறைந்தது 2002இல் தெரியவந்தது. எண்பது கிலோ உள்ளவருக்கு இது ஐந்தரைக் கிலோதான். ஆறு மாதத்தில் எட்டக்கூடிய இலக்கு.

எடைக் கருவி இல்லாதவர்கள் இடுப்பை அளந்து பாருங்கள். நம் நாட்டவரில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் எல்லை. தாண்டினால் சர்க்கரைப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

வாரம் 150 நிமிடம் என்பது ஐந்து நாள், நாளுக்கு அரை மணி நேரம். பள்ளிவாசலுக்குப் பைக்கை எடுக்காமல் நடந்து போனால் அதில் ஒரு பகுதி கிடைத்துவிடும். "ஐந்து வேளை தொழுகிறோமே, அதுவே உடற்பயிற்சி" என்று சிலர் சொல்வதுண்டு. தொழுகை இபாதத். அதன் அசைவுகள் மூட்டுகளுக்கு நல்லதுதான். ஆனால் மூச்சு சற்று வாங்கும்படியான நடைக்கு அது மாற்றாகாது.

பெண்களுக்கு வெளியே நடக்க வசதி இல்லை என்ற குறை நியாயமானது. அதற்காக நம் அறக்கட்டளையின் மாடி மண்டபத்தை வெள்ளி தவிர மற்ற நாட்களில், அஸருக்கும் மஃரிபுக்கும் இடையே, பெண்களுக்கு மட்டும் திறந்து வைக்கிறோம். வர இயலாதவர்கள் மொட்டை மாடியில் நடக்கலாம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்துப் பத்து முறையாகச் செய்யலாம். ஆண்கள் அந்த அரை மணி நேரம் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டால் போதும். நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடியதை மறந்துவிட வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. இன்சுலின் போடுவோரும் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுவோரும் திடீரென்று உணவைக் குறைத்தால் சர்க்கரை மிகவும் தாழ்ந்து மயக்கம் வரலாம். மருத்துவரைக் கேட்டு மருந்தின் அளவைச் சரிசெய்துகொண்டே தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மார்களும் எடை குறைக்கும் முயற்சியில் தாமாக இறங்கக் கூடாது. நெஞ்சு வலி, மூச்சுத் திணறல் உள்ளவர்கள் பரிசோதனை செய்துகொண்ட பிறகே வேகமாக நடக்க வேண்டும்.

இந்த உடல் அல்லாஹ் நம்மிடம் தந்த அமானிதம். டயாலிசிஸுக்கு உதவும் நிதி நம்மிடம் தொடர்ந்து இருக்க வேண்டும் என்று துஆ செய்கிறோம். அது தேவைப்படாத வீடுகள் நம் மஹல்லாவில் பெருக வேண்டும் என்பதே அதைவிடப் பெரிய துஆ. இன்று இரவுச் சாப்பாட்டில் ஒரு கரண்டி குறைத்து, நாளை ஃபஜ்ருக்குப் பின் அரை மணி நேரம் நடந்து தொடங்குவோம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.