சீட்டைப் படிக்கும் சமையற்காரர்

கீழ்பென்னாத்தூரில் ஒரு கல்யாண வீடு என்று வைத்துக்கொள்வோம். சமையற்கட்டின் வாசலில் ஒரு காவலாள் நிற்கிறார். முன்பின் தெரியாத எவரையும் அவர் உள்ளே விடமாட்டார். ஆனால் உள்ளேயிருக்கும் சமையற்காரரோ, யார் எந்தச் சீட்டை நீட்டினாலும் அதில் எழுதியபடியே செய்துவிடுகிறவர். ‘சாம்பாரில் இரண்டு படி உப்பைக் கொட்டவும்’ என்றிருந்தால் அப்படியே கொட்டிவிடுவார்! பந்தி கெட்ட பிறகு காவலாளைக் கேட்டால், “புது ஆள் யாரும் உள்ளே போகவில்லையே” என்பார். அவர் சொல்வதும் உண்மைதான்.

கணிப்பொறிக்குள்ளும் இப்படிப்பட்ட சமையற்காரர்கள் உண்டு. அவர்களுக்கு இண்டர்பிரெட்டர் என்று பெயர். சில நிரல்கள் கணிப்பொறிக்குப் புரியும் எண்களாகவே இருக்கும். அவை நேரே இயங்கும். ஸ்கிரிப்ட் எனப்படுபவை அப்படியல்ல. அவை வெறும் எழுத்துகள். பைத்தான், பாஷ் போன்ற இண்டர்பிரெட்டர் அவற்றைப் படித்துப் படித்து நிறைவேற்றுகிறது.

லினக்ஸ் இயங்குதளம் ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று உரிமைகளைக் குறித்து வைக்கிறது: படிக்க, எழுத, இயக்க. ‘பென்டிரைவிலுள்ள எதையும் இயக்கக் கூடாது’ என்றும் அதற்குக் கட்டளையிடலாம். அதன்பின் பென்டிரைவில் வந்த ஒரு விஷம ஸ்கிரிப்டை நேரே இயக்கிப் பாருங்கள். ‘அனுமதி இல்லை’ என்று பதில் வரும். சரி, பைத்தானை அழைத்து அந்தக் கோப்பின் பெயரைக் கொடுத்தால்? உடனே இயங்கிவிடும்! இயங்குவது பைத்தான், அது கணிப்பொறியின் சொந்த வட்டிலுள்ள நம்பகமான நிரல். பென்டிரைவிலுள்ள கோப்பு படிக்கத்தானே படுகிறது? படிக்க உரிமை உண்டே!

இது கற்பனை ஆபத்தன்று. 2000-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள் பிலிப்பைன்ஸிலிருந்து ‘ஐ லவ் யூ’ என்ற தலைப்புடன் ஒரு மின்னஞ்சல் புறப்பட்டது. காதல் கடிதம் போலத் தோன்றிய அந்த இணைப்பு உண்மையில் ஒரு வி.பி.ஸ்கிரிப்ட் கோப்பு. திறந்தவுடன் விண்டோஸிலேயே இருந்த இண்டர்பிரெட்டர் அதை நிறைவேற்றியது. படக்கோப்புகள் அழிந்தன, முகவரிப் புத்தகத்திலிருந்த அனைவருக்கும் அதே கடிதம் பறந்தது. பல இலட்சம் கணிப்பொறிகள் தாக்குண்டன. அந்த வி.பி.ஸ்கிரிப்டைப் படிப்படியாகக் கைவிடப் போவதாக மைக்ரோசாப்ட் அறிவித்ததோ 2023-இல்தான்.

அப்படியானால் இண்டர்பிரெட்டரையே எடுத்தெறிந்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். அலுவலகக் கணிப்பொறிக்கு அது ஓரளவு சரிப்படலாம். பள்ளிக்குச் சரிப்படாது. தமிழ்நாட்டில் 2019 முதல் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் பாடமாக உள்ளது. சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸ், 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் வழியே மாணவர் வீடுகளுக்கும் போயிற்று. லினக்ஸோ தன் அன்றாட வேலைகளுக்கே ஸ்கிரிப்டுகளை நம்பியிருக்கிறது. சமையற்காரரை விரட்டிவிட்டால் கல்யாணச் சாப்பாடு ஏது?

2025 மார்ச்சில் வெளியான லினக்ஸ் 6.14 கருநிரல் வேறொரு வழியைத் திறந்தது. பிரெஞ்சு அரசின் பாதுகாப்பு நிறுவனம் தனது ‘கிளிப்’ இயங்குதளத்தில் முன்பே கையாண்ட கருத்து இது. இண்டர்பிரெட்டர் ஒரு கோப்பைத் திறந்ததும் கருநிரலிடம் கேட்கிறது: ‘இது தானே இயங்க வந்திருந்தால் விட்டிருப்பாயா?’ கருநிரல் கோப்பை இயக்குவதில்லை. ஆம், இல்லை என்று பதில் மட்டும் சொல்கிறது. ‘இல்லை’ என்றால் இண்டர்பிரெட்டர் சீட்டைக் கீழே வைத்துவிட வேண்டும். சமையற்காரரே காவலாளிடம் சீட்டைக் காட்டிக் கேட்பது போல!

இதற்கு இரண்டு விசைகள் உள்ளன. ஒன்று, உரிமையில்லாத கோப்புகளை மறுக்கச் சொல்வது. மற்றது, விசைப்பலகையில் தட்டி உள்ளிடும் கட்டளைகளையும் மறுக்கச் சொல்வது. முதல் விசையை மட்டும் போட்டால், கெட்டிக்காரன் ஒருவன் ‘அந்தக் கோப்பைப் படித்து அதில் உள்ளபடி செய்’ என்று ஒரே வரியைத் தட்டித் தப்பிவிடுவான். இரண்டையும் போட்டால், வரிவரியாகத் தட்டிப் பைத்தான் பழகும் மாணவனுக்கு வழியடைந்துவிடும்.

இன்னொன்றும் உண்டு. கேட்கும் பழக்கத்தை ஒவ்வொரு இண்டர்பிரெட்டருக்கும் அதை எழுதுகிறவர்களே கற்றுத்தர வேண்டும். கேட்காத இண்டர்பிரெட்டர் என்ன படிக்கிறது, எதற்குப் படிக்கிறது என்று கருநிரலுக்குத் தெரியாது. கேட்கும் இண்டர்பிரெட்டர் இருந்தாலும், மாணவன் பென்டிரைவிலுள்ளதைத் தன் கோப்புறைக்குப் படியெடுத்துத் தானே இயக்க உரிமையும் கொடுத்துவிட்டால், பதில் ‘ஆம்’ என்றுதான் வரும்.