பில் போட நேரமாகிறதா? காரணம் கம்ப்யூட்டர் அல்ல!

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை மாலை. நம் கடையில் கால் வைக்க இடமில்லை. பார்கோடைக் காட்டினால் சரக்கின் பெயர் திரையில் வர ஐந்து வினாடி ஆயிற்று. பில் ஒன்றுக்கு முப்பது அயிட்டம் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் இருவர் நிரப்பிய கூடையை அப்படியே வைத்துவிட்டு எதிர்க்கடைக்குப் போனார்கள். சாஃப்ட்வேர் கொடுத்தவரைக் கேட்டோம். "எங்களிடம் நன்றாகத்தானே ஓடுகிறது?" என்றார். பொய்யில்லை. அவர் சோதித்த பட்டியலில் 50 சரக்குகள், நம்முடையதில் 8,000.

இந்த வித்தியாசம் பெரிய கம்பெனிகளையும் விட்டதில்லை. 2013-இல் வெளிவந்த 'ஜிடிஏ ஆன்லைன்' என்ற வீடியோ கேம் தொடங்குவதற்கே பலருக்கு நிமிடக்கணக்கில் ஆகும். ஆண்டுக்கணக்காக இதே கதை. 2021-இல் வெளியாள் ஒருவர் தம் கம்ப்யூட்டரில் நோண்டிப் பார்த்துக் காரணத்தைப் பிடித்தார். கேமுக்குள் விற்கும் பொருட்களின் விலைப்பட்டியலில் சுமார் 63,000 இனங்கள். ஒவ்வொன்றையும் சேர்க்குமுன், 'இது ஏற்கெனவே இருக்கிறதா' என்று அதுவரை சேர்த்தவை அனைத்தோடும் ஒப்பிட்டது புரோகிராம். ஒரு வரி எழுதப் பேரேட்டை முதல் பக்கத்திலிருந்து புரட்டும் கணக்குப்பிள்ளை மாதிரி! 100 இனத்துக்குச் சுமார் 5,000 ஒப்பீடு, யாருக்கும் தெரியாது. 63,000 இனத்துக்கு ஏறத்தாழ 198 கோடி. சரக்கு இரு மடங்கானால் வேலை நான்கு மடங்காகும் கணக்கு இது. பட்டியலைப் படிக்கும் முறையிலும் இன்னொரு கோளாறு இருந்தது. இரண்டையும் சரிசெய்ததும் அவருக்கு ஆறு நிமிடம் இரண்டுக்கும் குறைவாயிற்று. கம்பெனியும் ஒப்புக்கொண்டு, திருத்தம் வெளியிட்டு, அவருக்கு 10,000 டாலர் கொடுத்தது.

இதை ஆரம்பத்திலேயே பிடிக்க வழி உண்டு. புரோகிராமில் ஒரு வரி மாறினாலும், பெரிய பட்டியலை ஏற்றித் தானாகவே ஓட்டிப் பார்த்து, பிடித்த நேரத்தை முந்தைய நேரத்தோடு ஒப்பிடும் சோதனையை அமைத்துவிடுகிறார்கள். குறித்த அளவைத் தாண்டினால் எச்சரிக்கை வரும். பயர்பாக்ஸ் உலாவியைத் தயாரிக்கும் மொசில்லா இதற்கென்றே 'டாலோஸ்' என்ற ஏற்பாட்டை வைத்திருக்கிறது. நாம் தராசுக்கு முத்திரை போடுவது போலத்தான். என்ன, இங்கே ஒவ்வொரு மாற்றத்துக்கும் முத்திரை. ஒரே தடவை ஓட்டினால் போதாது. அதே மிஷினில்கூட நேரம் சற்று முன்பின் ஆகும். பல தடவை ஓட்டி நடு அளவை எடுப்பார்கள்.

ஆகவே சாஃப்ட்வேர் வாங்கும் அன்பர்கள் விலையை மட்டும் பேரம் பேசாதீர்கள். நம் முழுச் சரக்குப் பட்டியலையும் ஓராண்டு பில்களையும் ஏற்றி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். புதிய பதிப்பு தருமுன் வேகச் சோதனை நடக்கிறதா என்று கேளுங்கள். விழிப்பவரிடம் வாங்குவது பற்றி யோசியுங்கள். பண்டிகை வாரத்தில் புதிய பதிப்பை ஏற்றவே வேண்டாம். பழையதற்குத் திரும்பும் வழியும் கையில் இருக்கட்டும்.

நம் கடையில் இப்போது மாதம் முதல் தேதியிலும், புதிய பதிப்பு ஏற்றிய அன்றும், குறித்து வைத்த அதே 20 சரக்குகளை மூன்று முறை பில்லில் ஏற்றிப் பார்க்கிறோம். பிடித்த வினாடிகள் கல்லாப்பெட்டி நோட்டில் ஏறுகின்றன. பில்லை மட்டும் முடிக்காமல் ரத்து செய்துவிட வேண்டும்; வரிசை எண் குழம்பினால் ஆடிட்டருக்குப் பதில் சொல்வது யார்?