இலையிற் படியும் கருமை: தோற்றமும் காரணமும்

வீட்டுத் தோட்டத்துச் செவ்வரத்தை, வெட்சி, குரோட்டன், தேசி முதலியவற்றின் இலைகளிற் கரி பூசியது போலப் படியும் கரும்பூஞ்சணத்தைத் தனியொரு நோயென்றே பலரும் கருதுகின்றனர். கருமையைக் கண்டதும் பங்கசுகொல்லியை நாடுகின்றனர். புறத்தோற்றத்தையே காரணமெனக் கொள்ளும் நோக்கு இலக்கிய விமரிசனத்துக்கு மட்டும் உரியதன்று போலும்.

உண்மையில் இப்பூஞ்சணம் இலையை உண்பதில்லை. அதன் உணவு வேறிடத்திலிருந்து வருகின்றது. அழுக்கணவன், மாவுப்பூச்சி, செதிற்பூச்சி, வெண் ஈ ஆகியன ஊசி போன்ற வாயுறுப்பைச் செடியின் உரியத்திற் செலுத்திச் சாற்றை உறிஞ்சுகின்றன. அச்சாற்றில் வெல்லம் மிகுதி; வளர்ச்சிக்கு வேண்டிய அமினோ அமிலங்களோ குறைவு. ஆகவே பூச்சி அளவுக்கு மீறி உறிஞ்சி, மிகுந்த வெல்லத்தைப் பிசுபிசுத்த கழிவாக வெளியேற்றுகின்றது. கீழிலைகளிற் சொட்டும் அக்கழிவின்மீதே பூஞ்சணம் வளர்கின்றது. ஒளியை மறைத்து ஒளித்தொகுப்பைக் குறைப்பதே அது செய்யும் தீங்கு. எனவே கருத்த இலையைக் கண்டவர், அதற்கு மேலுள்ள இலையின் அடிப்புறத்தைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

அங்கே பெரும்பாலும் எறும்புகளும் காணப்படும். இனிப்புக் கழிவை உண்ணும் அவை, பொறிவண்டுகளையும் ஒட்டுண்ணிக் குளவிகளையும் விரட்டிப் பூச்சிகளுக்குக் காவலாகின்றன.

கடும் நஞ்சைத் தெளிப்பதால் நேர்வது என்ன? மெழுகுப் போர்வையுள் பூச்சிகளிற் பல தப்ப, அவற்றை உண்ணும் பொறிவண்டும் குளவியும் மடிகின்றன. எதிரியற்ற பூச்சி மீண்டும் பெருக, நஞ்சும் மீண்டும் வாங்கப்படுகின்றது. இச்சுழற்சியில் இலாபமடைபவர் தோட்டக்காரர் அல்லர்.

பப்பாசி மாவுப்பூச்சியின் வரலாறு ஈண்டு நோக்கற்பாலது. மெக்சிக்கோவையும் மத்திய அமெரிக்காவையும் தாயகமாகக் கொண்ட இப்பூச்சி 2008 இல் இலங்கையிற் கண்டறியப்பட்டது. பப்பாசியோடு நில்லாது செவ்வரத்தை முதலாய பல செடிகளையும் அது பற்றியது. தாயகத்தில் அதனை அடக்கிவைத்த எதிரிகள் அதனுடன் கடல் கடக்கவில்லை; பெருக்கத்துக்கு அதுவே முக்கிய காரணம். 2009 இல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபாகஸ் பப்பாயே என்னும் சிறு குளவி தருவிக்கப்பட்டது. அது மாவுப்பூச்சியின் உடலுள் முட்டையிட, வெளிவரும் குடம்பி பூச்சியை உள்ளிருந்தே தின்கின்றது. இக்குளவி பரவப் பூச்சி தணிந்தது. தமிழ்நாட்டிலும் 2010 இல் இதே குளவி விடப்பட்டுப் பயன் தந்தது. தானே பெருகும் குளவியைப் போத்தலில் அடைத்து ஆண்டுதோறும் விற்க இயலாது. இத்தகைய பணி பொதுத்துறை அறிவியலின் பொறுப்பாக அமைவது அதனாலேயே.

வீட்டளவிற் செய்யத்தக்கனவும் உள. மிகுதியாகப் பற்றிய கொப்புகளை வெட்டியெறிதல் வேண்டும். எஞ்சியவற்றின் இலையடியில் நீரை விசையுடன் பாய்ச்சலாம். மென்மையான சவர்க்காரக் கரைசல் பூச்சியின் உடலிற் பட்டாலன்றிப் பயன் தராது. ஆதலின் மாலை வேளையில், சில நாள் இடைவெளியில், திரும்பத் தெளித்தல் நன்று. தண்டிற் சுற்றிய துணிப்பட்டியிற் கிறீஸ் பூசி எறும்பைத் தடுக்கலாம். சுவரைத் தொடும் கிளையை நறுக்காவிடின் அது வேறு வழியால் ஏறிவிடும். யூரியாவை மிகுத்து இடுவதும் தவறு. அதனால் எழும் இளந்தளிர்களையே அழுக்கணவன் முதலில் நாடும். பூச்சி நீங்கியபின் பழைய கருமை காய்ந்து, மெல்ல மெல்ல உரிந்து விழும்.