படுத்தால் அதிகமாகும் முதுகுவலி... அலட்சியம் வேண்டாம்!

1887, லண்டன். 42 வயது ராணுவ கேப்டன் ஒருவருக்கு மூன்று வருடங்களாக இடது தோள்பட்டைக்குப் பக்கத்தில் வலி. நரம்பு வலி என்றே பல டாக்டர்களும் வைத்தியம் பார்த்தார்கள். கடைசியில் கால்கள் செயலிழந்தன. சிறுநீரும் தானாகப் பிரியவில்லை.

எக்ஸ்-ரேகூட கண்டுபிடிக்கப்படாத காலம் அது. உடம்பில் எந்த இடத்துக்குக் கீழே உணர்ச்சி இல்லை என்று சோதித்தே, தண்டுவடத்தைக் கட்டி அழுத்துகிறது என்று கணித்தார் டாக்டர் வில்லியம் கோவர்ஸ். ஜூன் 9-ம் தேதி ஆபரேஷன் செய்தார் விக்டர் ஹார்ஸ்லி. கணித்த இடத்தில் கட்டி இல்லை! இன்னும் கொஞ்சம் மேலே எலும்பை அகற்றிப் பார்த்தபோது, பாதாம் பருப்பு போல ஒரு கட்டி. ஒரே வருடத்தில் அந்த கேப்டன் எழுந்து நடந்து, வேலைக்கும் திரும்பினார்.

இன்று எம்.ஆர்.ஐ. ஸ்கேன் கட்டியின் இடத்தையும் அளவையும் துல்லியமாகக் காட்டிவிடுகிறது. ஆனாலும் தாமதம் தொடர்கிறது. காரணம், எல்லோருக்கும் வருகிற முதுகுவலிதானே என்ற நினைப்பு. பெரும்பாலான முதுகுவலிக்குக் காரணம் கட்டி அல்ல என்பது உண்மைதான். எனவே பயம் வேண்டாம், கவனம் வேண்டும்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

* படுத்தால் அதிகமாகி, இரவில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி.
* நாளுக்கு நாள் கூடும் மரத்துப்போதல், கால் தடுமாற்றம், செருப்பு கழன்று விழுவதுகூடத் தெரியாமல் போவது.
* சிறுநீர், மலம் கழிப்பதில் சிக்கல்.
* ஏற்கெனவே புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக முதுகுவலி.

கால்கள் திடீரென பலமிழந்தாலோ, சிறுநீர் அடைத்துக்கொண்டாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். இந்த நிலையில் எண்ணெய் தேய்த்து நீவிவிடுவதும், முதுகை மிதிக்கச் சொல்வதும் கூடாது.

என்ன சிகிச்சை?

தண்டுவட உறைக்குள், தண்டுவடத்துக்கு வெளியே வளரும் மெனிஞ்சியோமா, ஷ்வானோமா கட்டிகள் பெரும்பாலும் புற்றுநோய் அல்ல. பலருக்கும் முழுமையாக அகற்றிவிடலாம். தண்டுவடத்துக்குள்ளேயே வளரும் எபெண்டைமோமா, ஆஸ்ட்ரோசைட்டோமா அரிதானவை. மைக்ராஸ்கோப் உதவியுடன், நரம்புகளின் செயல்பாட்டைக் கண்காணித்தபடியே ஆபரேஷன் செய்கிறார்கள். எடுத்த கட்டியைப் பரிசோதித்த பிறகு, தேவைப்பட்டால் கதிர்வீச்சு. வளராத சிறு கட்டி என்றால், அவ்வப்போது ஸ்கேன் எடுத்துக் கண்காணித்தாலே போதும்.

ஆபரேஷனுக்கு முன் நடந்துகொண்டிருப்பவர், பின்னரும் நடப்பதற்கு வாய்ப்பு அதிகம். முழுவதும் செயலிழந்த கால்களை மீட்பது கடினம். அதனால், வீட்டில் யாராவது 'ராத்திரி படுத்தால்தான் வலி ஜாஸ்தியாகுது' என்று சொன்னால், அடுத்த தைலத்தைத் தேடாமல், நரம்பியல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.